மோதிய வண்டியின் காப்பீடும் அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவும்

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது, பிறரை ஓட்டவும் விடக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு. அந்தக் காப்பீட்டில் என்னென்ன அடங்க வேண்டும் என்பதை 147-ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டையும் வரி விடாமல் படித்தாலும், மருத்துவச் செலவுக்குக் குறைந்தது இவ்வளவு ரூபாய் என்று ஒரு தொகை அகப்படாது. சாவுக்கும் உடற்காயத்துக்கும் சட்டம் வரம்பு கட்டவில்லை. மோதிய வண்டிக்காரர் சட்டப்படி எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டவரோ, ஐயாயிரமோ ஐம்பது லட்சமோ, அவ்வளவையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்றாக வேண்டும். நொறுங்கிய கதவு, இடிந்த சுவர் போன்ற பொருட்சேதத்துக்குத்தான் வரம்பு உண்டு. காருக்கு எடுக்கும் வழக்கமான பாலிசியில் அது 7.5 லட்சம் ரூபாய்.

கேட்பதற்கு இது தாராளமாக இருக்கிறது. ஆனால் நிறுவனம் ஏற்றுக்கொள்வது வண்டிக்காரரின் பொறுப்பை. அடிபட்டவரின் சிகிச்சையை அது நேராக ஏற்பதில்லை. பொறுப்பு என்பது பேசித் தீர்த்து ஒப்புக்கொண்ட பிறகோ, தீர்ப்பாயம் ஆணையிட்ட பிறகோ பணமாக மாறுகிற ஒன்று. அதற்கு மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்லும் இரவில் அந்த வரம்பில்லாத பொறுப்பைக் கொண்டு ஒரு பாட்டில் குளுக்கோஸ்கூட வாங்க முடியாது. எனவே விபத்தின் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் சில நாட்களுக்கு யார் கொடுப்பது? கடைசியில் யார் தலையில் விழுவது? இந்தியச் சட்டம் நெடுங்காலம் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே பதில் வைத்திருந்தது.

அமெரிக்காவின் சில மாநிலங்கள் முதல் கேள்வியிலிருந்து தொடங்கின. ஃபுளோரிடாவில் கார் வைத்திருப்பவர், தவறு யாருடையதாக இருந்தாலும் தன் காயத்துக்கே பயன்படும்படி 10,000 டாலர் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது. மிச்சிகன் 1973 முதல் வாழ்நாள் முழுமைக்கும் வரம்பில்லாத மருத்துவச் செலவைக் கட்டாயமாக்கியிருந்தது. பிரீமியம் தாங்க முடியாமல் போகவே, 2020 ஜூலை முதல் வரம்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கொடுத்தது. நியூசிலாந்து 1974-இலேயே இழப்பீட்டு வழக்கு என்ற வழியை விட்டுவிட்டு, விபத்தில் காயம்பட்ட யாருக்கும் அரசு அமைப்பே செலவு செய்யும் முறைக்குப் போய்விட்டது. இந்தியா பின்பற்றியது பிரிட்டனின் பழைய வழியை. தவறு செய்தவர் யார் என்று கண்டுபிடி, அவருடைய இன்சூரன்ஸ்காரரிடம் வாங்கிக்கொள் என்பது அது.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டாயக் காப்பீடு எழுதப்பட்டது. ஆனால் அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். அப்போது லாரிக்கும் பஸ்ஸுக்கும் நிறுவனத்தின் பொறுப்பில் உச்சவரம்பு இருந்தது. அதற்கு மேல் தீர்ப்பான தொகையை வண்டி முதலாளியிடம் துரத்தி வாங்க வேண்டும், பெரும்பாலும் வராது. 1982-இல் ஒரு திருத்தம் வந்து, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே சாவுக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் கிடைக்க வழி செய்தது. 1988 சட்டம் காயத்துக்கும் சாவுக்குமான உச்சவரம்பை எல்லா வண்டிகளுக்கும் எடுத்துவிட்டது. ஏழைகளுக்கு அந்தச் சட்டம் செய்த பெரிய நன்மை இதுதான் என்று சொல்லலாம்.

மருத்துவச் செலவு என்று தனியாகப் பெயர் சொல்லி ஒரு தொகை சட்டத்தில் ஏறியது 1994 நவம்பர் 14 அன்று. அன்று நடைமுறைக்கு வந்த 163-ஏ பிரிவு, தவறை நிரூபிக்காமல் ஓர் அட்டவணைப்படி இழப்பீடு பெறும் வழியைத் திறந்தது. இரண்டாம் அட்டவணை என்று வக்கீல்கள் சொல்லும் அந்தப் பட்டியலில், பில் காட்டினால் மருத்துவச் செலவு, ஆனால் 15,000 ரூபாய்க்கு மேல் போகாது என்று எழுதியிருந்தது. கொடுங்காயத்தின் வலிக்கு 5,000 ரூபாய், சாதாரணக் காயத்தின் வலிக்கு 1,000 ரூபாய். ஆண்டு வருமானம் 40,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கான வழி அது. 1994-இல் பொருத்தமாக இருந்திருக்கக்கூடிய தொகை, ஸ்கேனும் தகடு வைக்கும் ஆபரேஷனும் பல மடங்கு விலையேறிய பிறகும் அப்படியே நின்றது. அவ்வப்போது விலைவாசிக்கேற்ப மாற்றலாம் என்று சட்டமே மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தும் யாரும் தொடவில்லை. 2013-இல் புட்டம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. மாற்றம் வந்தது 2018 மே 22 அன்று. ஏறக்குறைய கால் நூற்றாண்டு 15,000 ரூபாயிலேயே நின்ற அந்த வரி, கட்டாயக் காப்பீட்டில் தொகையைச் சட்டத்திலேயே எழுதிவைப்பதில் உள்ள ஆபத்துக்குப் போதுமான சான்று. எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள், அடிபட்டவர்கள் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டுகிறார்கள்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் காப்பீட்டு அத்தியாயத்தை முழுதாக மாற்றி எழுதியது. இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 163-ஏ போனது. அதன் இடத்தில் வந்த 164-ஆவது பிரிவின்படி, தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் சாவுக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கிடைக்கும். கொடுங்காயம் என்பதற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் கொடுத்த பொருளே இங்கும். எலும்பு முறிந்தாலே அது கொடுங்காயம்தான். இந்த 2.5 லட்சத்தில் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, வலி எல்லாம் அடக்கம். மருத்துவத்துக்கெனத் தனித் தலைப்பு இல்லை. இதை ஏற்றுப் பெற்றுக்கொண்டால், கூடுதல் கேட்டு 166-ஆவது பிரிவில் போட்ட மனு காலாவதியாகிவிடும். கை உடைந்து ஆறே வாரத்தில் வேலைக்குத் திரும்பியவருக்கு 164 நல்ல வழி. தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்திருப்பவரின் குடும்பம் அவசரப்பட்டு அதில் கையெழுத்துப் போடக் கூடாது.

அதே திருத்தத்தின் முதல் வடிவமான 2016-ஆம் ஆண்டு மசோதாவில் இன்னொன்று இருந்தது. நிறுவனங்களின் பொறுப்பைச் சாவுக்கு 10 லட்சம், கொடுங்காயத்துக்கு 5 லட்சம் என்று கட்டிப்போடும் யோசனை அது. 2019-இல் சட்டமானபோது அந்த வரம்பு நீக்கப்பட்டிருந்தது. நிறைவேறியிருந்தால், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் அடிபட்டவர் வண்டிக்காரரின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருந்திருக்கும். செய்தித்தாள்களில் அபராதத் தொகைகளுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் செய்திக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தம்.

மூன்றாம் நபர் என்றால் யார் யார் என்பதில்தான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. பாலிசி எடுத்தவர் முதல் நபர், நிறுவனம் இரண்டாம் நபர், மற்றவர்கள் எல்லாரும் மூன்றாம் நபர் என்று பொதுவாகச் சொல்வார்கள். சட்டத்தில் இது இவ்வளவு எளிதாக இல்லை. திருச்சியில் மன்னார்புரத்திலிருந்து எடமலைப்பட்டி புதூர் வழியாகப் பஞ்சப்பூர் போகும் சாலையை எடுத்துக்கொள்ளலாம். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு வெளியூர்ப் பேருந்துகளின் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. புதூர்க்காரர்கள் பால் வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் போய்வரும் தடத்தில் பஸ், கார், ஷேர் ஆட்டோ, லோடு வண்டி எல்லாம் கலந்து ஓடுகின்றன. அங்கே ஒரு கார் ஒரு பைக்கில் மோதுகிறது என்று வைத்துக்கொண்டால், பைக்கை ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்திருந்தவர், ஓரத்தில் நடந்துபோனவர் மூவருமே காரின் காப்பீட்டுக்கு மூன்றாம் நபர்கள். தவறு காரின்மீது என்றால் மூவரின் மருத்துவச் செலவும் காரின் நிறுவனத்தைச் சேரும். நெடுஞ்சாலையோரமாகச் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் இந்த வகைதான்.

காரில் உட்கார்ந்திருந்தவர்களின் நிலை வேறு. அந்தக் காருக்குச் சட்டம் கேட்கும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்து, தவறும் அந்தக் காரின் ஓட்டுநருடையதாக இருந்தால், உள்ளே இருந்த உறவினருக்கும் நண்பருக்கும் அந்தப் பாலிசியிலிருந்து எதுவும் வராது. கட்டணம் கொடுக்காமல் தனியார் வண்டியில் ஏறியவரைக் கட்டாயக் காப்பீடு காப்பதில்லை. பைக்கின் பின்னிருக்கையில் இருப்பவருக்கும் இதுவே விதி என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மக்கள் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் முழுமைப் பாலிசி இருந்தால், காரில் இருப்பவர்களும் பைக்கின் பின்னால் இருப்பவரும் அதில் அடங்குவார்கள் என்பதை 2009 நவம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கையாகவே அனுப்பித் தெளிவுபடுத்தியது. கணவன் ஓட்ட, மனைவி பின்னால், குழந்தை நடுவில் என்று போகும் ஆயிரமாயிரம் பைக்குகளுக்கு, கடைசித் தேதி நெருங்கும்போது ஆகக் குறைந்த தொகைக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் போடப்படுகிறது. சேமித்தது சில ஆயிரம் ரூபாய். அதற்கு விலையாகப் போனது பின்னால் இருப்பவர்களின் பாதுகாப்பு.

பஸ், ஆட்டோ, டாக்ஸி போன்ற வாடகை வண்டிகளின் பயணிகளைக் கட்டாயக் காப்பீடு காக்கும். லோடு வண்டியில் போகிறவர்களைக் காக்காது. பொருளின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ பொருளோடு போனால் 1994 திருத்தத்துக்குப் பிறகு காப்பீடு உண்டு. துக்க வீட்டுக்கும் காதுகுத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் குட்டியானையின் பின்புறத்தில் பாய் விரித்து இருபது பேர் போனால், வண்டிக்குப் பாலிசி சரியாக இருந்தும் அந்த இருபது பேருக்கு ஒன்றுமில்லை. ஆஷா ராணி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் பொறுப்பு முதலாளியுடையது மட்டும். அவருக்கு அந்த ஒரு வண்டிதான் சொத்து. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் நகர்ப்புறங்களிலும் இதைவிடப் பெரிய காப்பீட்டு ஓட்டை வேறில்லை. வேன் வாடகை கூடுதல் என்ற கணக்கு மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

இனி, முதல் சில நாட்கள். விபத்து நடந்தவுடன் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்றும், போலீஸ் நடைமுறைகளுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்குவது மருத்துவரின் கடமை என்றும் 134-ஆவது பிரிவு சொல்கிறது. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா மருத்துவர்களுக்கும் இதை விதித்தது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்மீது வழக்குப் போடக் கூடாது என்கிறது 2019 திருத்தத்தில் வந்த 134-ஏ. புதூர்ப் பக்கத்தில் அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸ் பெரும்பாலும் கொண்டுபோவது புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அந்த ஜி.எச்.சில் முதலுதவிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் முன்பணம் கேட்பதில்லை. பணக் கேள்வி எழுவது தனியார் மருத்துவமனையில்.

அங்கே தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை, 81 சிகிச்சை முறைகளுக்கு என்று வரையறுத்தார்கள். வருமானச் சான்று வேண்டாம், ரேஷன் அட்டை வேண்டாம், வேறு மாநிலத்தவரோ வெளிநாட்டவரோ ஆனாலும் தடையில்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவருக்கு 48 மணி நேரத்துக்குப் பிறகு அந்த அட்டையில் சிகிச்சை தொடர வழி உண்டு. மோதியவர் யார், பாலிசி உண்டா, தவறு யாருடையது என்ற எந்தக் கேள்வியும் இங்கே இல்லை. வழக்கோடு கட்டப்பட்டிருந்த சிகிச்சையை அவிழ்த்துவிட்டதுதான் இத்திட்டத்தின் சிறப்பு.

மத்திய அரசின் ஏற்பாடு வர நாளானது. விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று 2019 திருத்தமே வரையறுத்து, அந்த நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 162-ஆவது பிரிவில் எழுதியது. அந்தப் பிரிவு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தும் திட்டம் மட்டும் வரவில்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. புதிய காருக்கு மூன்றாண்டும் புதிய இரு சக்கர வண்டிக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டை ஒன்றாக எடுத்தாக வேண்டும் என்று 2018 செப்டம்பர் முதல் வந்த விதிக்கும் அதே வழக்குதான் மூலம். 2025 ஜனவரி 8 அன்று அந்த வழக்கில் நீதிமன்றம், பொன்னான நேரத் திட்டத்தை மார்ச் 14-க்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. கெடு தாண்டி, 2025 மே 5 அன்று திட்டம் அறிவிக்கையானது. ஆயிரக்கணக்கான முறிந்த எலும்புகளைப் பார்த்த ஒரு மருத்துவர் இதற்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததைத் தமிழ்நாடு பெருமையோடும் கொஞ்சம் வேதனையோடும் நினைத்துக்கொள்ளலாம்.

அந்தத் திட்டப்படி, எந்தச் சாலையில் விபத்து நடந்தாலும், அடிபட்ட ஒவ்வொருவருக்கும் விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்க வேண்டும். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் உயிரை நிலைப்படுத்தும் முதல் கட்டச் சிகிச்சை மட்டும். பணம் மோட்டார் வாகன விபத்து நிதியிலிருந்து மருத்துவமனைக்குப் போகும். மோதிய வண்டிக்குக் காப்பீடு இருந்தால் அதற்கான தொகை பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டும் கணக்கிலிருந்தும், காப்பீடு இல்லை அல்லது வண்டியே தெரியவில்லை என்றால் அரசு போடும் கணக்கிலிருந்தும் எடுக்கப்படும். இந்தியக் கட்டாயக் காப்பீட்டில் குறைந்தபட்ச மருத்துவப் பாதுகாப்பு என்று எதையாவது சுட்டிக்காட்ட வேண்டுமானால், ஏழு நாள், 1.5 லட்சம் என்ற இந்த இரண்டு எண்களைத்தான் காட்ட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைக்காயத்தோடு கிடப்பவருக்கு இது சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆனாலும் நகையை அடகு வைக்காமல் முதல் ஆபரேஷன் நடக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

ஏழு நாளுக்குப் பிறகு வருகிற செலவுதான் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்பது முழுப் பெயர். கோர்ட்டு வளாகத்தில் எல்லாரும் எம்.சி.ஓ.பி. போடுவது என்றுதான் சொல்வார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. சென்னையில் அடிபட்ட புதூர்க்காரர் தாம் வசிக்கும் திருச்சியிலேயே போடலாம். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி போலீஸார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நிறுவனம் தன் பக்கத்திலிருந்து ஒரு தொகையைச் சொல்லி முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2019 திருத்தம் சேர்த்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. அதை நம்பிக் காலம் தாழ்த்துவது நல்லதல்ல.

மருத்துவச் செலவு என்ற தலைப்பில் தீர்ப்பாயம் எதையெல்லாம் கொடுக்கும் என்பதை 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் தீர்ப்பு ஒழுங்குபடுத்தித் தந்தது. சிகிச்சை, மருந்து, போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றுக்கு ஆன செலவு. சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம். இனி ஆகப்போகிற மருத்துவச் செலவு. ஊனம் நிரந்தரமானால் வருங்கால வருமான இழப்பு, வலிக்கும் வேதனைக்குமான தொகை. அடிபட்டவருக்கு உதவியாக உடன் இருந்தவரின் செலவையும் கேட்கலாம். 2020-இல் காஜல் வழக்கில், முழுதாக முடங்கிப்போன ஒரு சிறுமிக்கு வாழ்நாள் முழுவதும் உதவியாளர்களை வைத்துக்கொள்ளும் செலவை உச்ச நீதிமன்றம் கணக்கிட்டுக் கொடுத்தது.

இவை எல்லாமே காகிதத்தைப் பொறுத்தவை. மருத்துவமனையில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலில் என்ன எழுதப்பட்டது என்பது மிக முக்கியம். பதற்றத்தில் வந்த உறவினர் 'வண்டியிலிருந்து விழுந்துட்டார்' என்று சொல்லி, அதுவே பதிவாகி, பிறகு எஃப்.ஐ.ஆரில் கார் மோதியது என்று வந்தால் நிறுவனத்தின் வக்கீல் முதலில் பிடிப்பது அந்த முரணைத்தான். மருந்துக் கடைப் பில்லில் நோயாளியின் பெயரும் தேதியும், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், காயச் சான்றிதழ், ஊன சதவீதத்துக்கு மருத்துவ வாரியத்தின் சான்று இவையெல்லாம் வேண்டும். பில் இல்லாத செலவை நீதிபதி மனம் இரங்கினாலும் முழுதாகக் கொடுக்க முடியாது. அடிபட்டவரின் பக்கமும் தவறு இருந்தால் அந்த விகிதத்துக்குத் தொகை குறையும். தீர்ப்பான தொகைக்கு மனு நாளிலிருந்து வட்டி உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் கொடுக்கிறார்கள்.

சொந்த மெடிக்ளைமில் பில்லைக் கட்டியவர் அதே தொகையை மோதியவரிடமும் கேட்கலாமா என்பது அடிக்கடி எழும் சந்தேகம். இறந்தவரின் ஆயுள் காப்பீட்டுப் பணத்தை இழப்பீட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்று 1998-இல் ஹெலன் ரெபெல்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மெடிக்ளைமுக்கும் அதே நியாயம்தான் என்று 2025 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. பிரீமியம் கட்டியவர் முன்யோசனையோடு சேர்த்த பணம் தவறு செய்தவரின் சுமையைக் குறைக்க உதவக் கூடாது என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களை அது கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டி வாதாடப் பயன்படும்.

மோதிய வண்டிக்குக் காப்பீடு இருந்தும் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் என்ன ஆகும்? அடிபட்டவர் அதற்காகக் கைவிடப்பட மாட்டார். முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று ஆணையிடும் வழக்கம் 2004-ஆம் ஆண்டு சுவரண் சிங் தீர்ப்பில் உறுதிப்பட்டது. ஷேர் ஆட்டோவையும் குட்டியானையையும் சாதாரண இலகு ரக லைசென்ஸில் ஓட்டியதைக் காட்டி நிறுவனங்கள் ஒதுங்கப் பார்த்ததும் உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டிகளை அந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னதோடு அந்தத் தகராறு முடிந்தது. பாலிசியே இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த அபராதத்தால் அடிபட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது; அவர் வண்டிக்காரரின் சொத்தைத்தான் தேட வேண்டும். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி கண்டுபிடிக்கப்படவே இல்லை என்றால் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் இது 25,000, 12,500 என்று இருந்தது. இதற்கு கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. வருவாய்த் துறை அதிகாரி விசாரித்து, மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். பல குடும்பங்கள் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகின்றன.

அரசுப் பேருந்து தனி வகை. சட்டத்தின் 146-ஆவது பிரிவு, இழப்பீட்டுக்கெனத் தனி நிதி வைத்திருந்தால் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கொடுக்க இடம் தருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் அடிபட்டவர் எதிர்கொள்வது பெரும்பாலும் கழகத்தையே. தீர்ப்பான தொகை நெடுநாள் வராமல், நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்துக்கே வந்து பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தி தமிழ்ச் செய்தித்தாள்களுக்குப் பழக்கமான ஒன்று. பயணிகளை இறக்கிவிட்டுப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போவதைப் படிக்கிறவர்கள் கழகத்துக்கு நேர்ந்த அவமானத்தைப் பேசுகிறார்கள். அதற்குப் பின்னால், தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கடனுக்கு மருந்து வாங்கிய ஒருவர் இருக்கிறார்.

கடைசியாக வண்டியின் சொந்தக்காரர். கட்டாயக் காப்பீட்டில் அவர் மூன்றாம் நபர் அல்ல. தானே சறுக்கி விழுந்தாலோ, தன் தவறால் மோதினாலோ, தன் பாலிசியிலிருந்து தன் மருத்துவச் செலவைக் கேட்க முடியாது. அவருக்கென்று இருப்பது சொந்த விபத்துக் காப்பீடு. இரு சக்கர வண்டிக்கு வெறும் 1 லட்சமாகவும் காருக்கு 2 லட்சமாகவும் இருந்த அதை 15 லட்சமாக உயர்த்தலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் சொன்னதை ஏற்று, 2018 செப்டம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கட்டாயமாக்கியது. அப்போது ஆண்டுக்கு 750 ரூபாய் என்று பிரீமியம் வைத்தார்கள். சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 15 லட்சம். ஒரு கையோ காலோ கண்ணோ போனால் பாதி. ஆஸ்பத்திரிப் பில்லுக்கு இதில் ஒரு ரூபாயும் இல்லை. தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்து, நான்கு மாதம் வீட்டில் கிடந்து, பிறகு எழுந்து நடந்துவிட்டவருக்கு இந்தப் பதினைந்து லட்சத்தால் பயனில்லை.

அண்ணன் பைக்கைத் தம்பி கடன் வாங்கி ஓட்டும்போதும் இதே நிலைதான். ஓட்டியவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் ஆக மாட்டார் என்று 2020-இல் ராம்கிலாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டு, பாலிசியில் இருந்த சொந்த விபத்துக் காப்பீட்டின் 1 லட்சத்தை மட்டும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னது. முழுமைப் பாலிசியோடு மருத்துவச் செலவுக்கான கூடுதல் பிரிவைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. தனி மெடிக்ளைம் இருந்தால் விபத்துச் சிகிச்சைக்கு வழக்கமான காத்திருப்புக் காலம் பொருந்தாது. பாலிசி தாளில் மூன்று இடங்களைப் பார்த்தால் ஒரு வண்டியின் நிலை தெரிந்துவிடும்: தலைப்பில் இருப்பது மூன்றாம் நபர் பொறுப்பு மட்டுமா முழுமைப் பாலிசியா, சொந்த விபத்துக் காப்பீடு என்ற வரிக்கு எதிரே தொகை இருக்கிறதா அல்லது பூஜ்யமா, வண்டியில் வரும் மற்றவர்களுக்கெனத் தனியாகப் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா. 2022 ஜூன் 1 முதல் உள்ள விகிதப்படி 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 2,094 ரூபாய், 75 முதல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு 714 ரூபாய். இந்தத் தொகைக்குச் சட்டம் வாங்கித்தருவது எதிரே வருகிறவரின் பாதுகாப்பை.